வெர்ஷன் நம்பரால் வந்த வினை: உங்க அனுபவத்தைக் கொட்டுங்க

பில்டு_பாண்டி
பைதான் மொழியோட 3.10 வெர்ஷன் வந்த புதுசு, 2021 கடைசி. சிஐ-யோட (புரோகிராமைத் தானா பில்டு பண்ணி சோதிக்கிற அமைப்பு) யாம்ல் செட்டிங் ஃபைல்ல 3.9-ஐ எடுத்துட்டு 3.10 போட்டான் எங்க டீம் ஜூனியர். பைப்லைன் சிவப்பு, அதாவது ஃபெயில். எரர் பதிவுல பைதான் 3.1 கிடைக்கலைன்னு வருது. ஸ்க்ரீன் ஷேர்ல லீட், "தம்பி, அந்தப் பூஜ்யத்தை எங்க முழுங்கின?"ங்கிறார். பையன் ஃபைலைத் திறந்து காட்டறான், 3.10-னுதான் இருக்கு. "அப்ப நீ புஷ் பண்ணலை, சர்வருக்கே அனுப்பலை"ங்கிறார் லீட். மறுபடி ஓட்டினா மறுபடி 3.1. அந்த வீடியோ கால்ல இருந்த ஒருத்தரும் வாயைத் திறக்கல. மேற்கோள் குறி இல்லாததால யாம்ல் அதைத் தசம எண்ணா எடுத்துக்கிட்டு கடைசிப் பூஜ்யத்தை உதிர்த்துடுச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. லீட் "ஓ, சரி"ன்னு கட் பண்ணிட்டுப் போயிட்டார். அந்த "ஓ, சரி" இன்னும் ஆத்திரமா வருது.

செம்வர்_செல்வம்
இது ஊரறிஞ்ச விஷயம். எனக்கும் கோ மொழியோட 1.20 வந்தப்ப 1.2 ஆச்சு, மேற்கோள் போட்டேன், தீர்ந்தது. அடிப்படைக் கோளாறு வேற: வெர்ஷனை யாரும் எண்ணா நினைக்கவே கூடாது. புள்ளி வெச்ச மூணு தனித்தனி எண் அது. இதை நம்பி எழுதின பழைய புரோகிராம் உடையும்னா முதல் எண், புது வசதின்னா நடு எண், வெறும் பிழைத் திருத்தம்னா கடைசி எண். 1.9-க்கு அடுத்தது 1.10, தானா 2.0 ஆயிடாது. வெளியிட்ட வெர்ஷனை அதே நம்பர்ல திருத்தி வெளியிடாதீங்க, புது நம்பர் போடுங்க. லாக் ஃபைலை (எந்த லைப்ரரி எந்த வெர்ஷன்னு பூட்டி வைக்கிற ஃபைல்) கமிட் பண்ணுங்க. கிட்ல (புரோகிராமோட மாற்ற வரலாற்றை வைக்கிற கருவி) டேக் போடாம ரிலீஸ் பண்ணாதீங்க. சேஞ்ச்லாக், அதாவது என்ன மாறுச்சுங்கிற பட்டியல், எழுதுங்க, கமிட் மெசேஜை அப்படியே ஒட்டாதீங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிப்ளாய் வேணாம்.

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்
செல்வம் அண்ணே, கதை ரெண்டு வரி, உபதேசம் ஒரு பக்கம்! எண்ணே இல்லைங்கிறீங்க, ஆண்ட்ராய்டு பக்கம் வாங்க. ஆப்புக்கு உள்ளே வைக்கிற வெர்ஷன் கோட் முழு எண்தான், ஏறிக்கிட்டேதான் போகணும். பழைய ஆபீஸ்ல எவரோ வருஷம், மாசம், தேதி, மணி, நிமிஷத்தை ஒட்டி அதை வெச்சிருந்தாங்க. 2021 பொறந்து முதல் பில்டு 2101041130. ப்ளே ஸ்டோர் வாங்க மாட்டேங்குது, அதோட உச்சவரம்பு 2100000000. பேமென்ட் ஃபிக்ஸ் காத்துக்கிட்டு இருக்கு, மேனேஜர் பின்னாடி நின்னுக்கிட்டு "தேதியைப் போன மாசமா மாத்திடேன்"ங்கிறார்! நம்பரைக் குறைக்கவும் வழியில்லை. கடைசியா டிசம்பர்ல ஏத்தின நம்பர்லேருந்து ஒவ்வொண்ணா கூட்டிப் போனோம். எட்டரைக் கோடிக்கு மேல மிச்சம் இருக்கு, கவலையில்லை.

மெயில்_மாரி
மேலே சொன்னதோட அண்ணன்: 2022 ஜனவரி 1, மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர்ல மெயில் எல்லாம் கியூவிலேயே நின்னுச்சே. மால்வேர் ஸ்கேனர் அப்டேட்டோட நம்பர் 2201010001; 32 பிட் எண்ணுல 2147483647-க்கு மேல போகாது. அதுவும் தேதி ஒட்டின நம்பர்தான். உபுண்டு ஓஎஸ் மாதிரி வருஷம், மாசம் மட்டும் 22.04-னு அளவா வெச்சுக்கிட்டா என்ன கெட்டுப்போச்சு?

செம்வர்_செல்வம்
22.04-ஐயும் மேற்கோள் இல்லாம போட்டுப் பாருங்க, 22.10 வர்றப்ப தெரியும்.

சப்போர்ட்_சரசு
நீங்க அடிச்சுக்கோங்க, எங்க கதை வேற. சேல்ஸ்காரங்க ஒரு பேங்க் கிட்ட "இந்த மாசம் 4.0"ன்னு வாக்கு குடுத்துட்டாங்க. கையில இருந்தது 3.8.2, ரெண்டே பிழைத் திருத்தம். நம்பரை மட்டும் மாத்தி 4.0.0-னு அனுப்பினோம். பேங்க் ஐடி மேடம் போன்ல, "பாயின்ட் ஜீரோவை நாங்க புரொடக்‌ஷன்ல ஏத்த மாட்டோம்மா, முதல் பேட்ச் வரட்டும்"னாங்க. அன்னைக்கே 4.0.1 போச்சு. உள்ளே ஒரு வரி மாறலை. "இப்பதான் ஸ்டேபிளா இருக்கு"ன்னு பாராட்டி மெயில் வேற.