கிட்டார் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பொருத்துவது: "ஸ்ட்ராட்டுக்குப் பொருந்தும்" என்பதை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: மாடியறை

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வடிவிலான மலிவு விலை எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று என்னிடம் இருக்கிறது. சென்னையில் மூன்று மழைக்காலங்கள் உறையில்லாமல் சுவரில் தொங்கியதில் அதன் நெக் (விரல்களால் கம்பியை அழுத்தும் நீண்ட கழுத்துப் பகுதி) முறுக்கிக்கொண்டது. நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராடு என்னும் உலோகத் தண்டைத் திருகிப் பார்த்தேன். அது முன்பின் வளைவைத்தான் சரிசெய்கிறது, முறுக்கலை ஒன்றும் செய்யவில்லை. பாடி நன்றாகவே இருப்பதால் அதை மட்டும் வைத்துக்கொண்டு, நெக், பிரிட்ஜ் (பாடியின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்), பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), உள்ளே இருக்கும் மின்பாகங்கள் ஆகிய எல்லாவற்றையும் புதிதாக வாங்கி நானே பொருத்தலாம் என்று இறங்கியிருக்கிறேன்.

முதல் அடியிலேயே சறுக்கினேன். "ஸ்ட்ராட்டுக்குப் பொருந்தும்" என்று இணையத்தில் விற்கப்பட்ட நெக் ஒன்றை வாங்கினேன். அது பாடியின் குழிக்குள் இறங்காமல் வாயிலேயே நின்றுவிட்டது. எங்கள் தெரு ஆசாரி, "ரெண்டு பக்கமும் ஒரு இழை இழைச்சா இறங்கிடும் தம்பி" என்று இழைப்புளியைக் கையில் எடுத்தார், நான்தான் தடுத்தேன். விற்றவர் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

இப்போது அமெரிக்காவில் இருந்து, அளவு சொல்லிச் செய்துதரும் நெக் ஒன்றை வரவழைக்க எண்ணுகிறேன். எந்தப் பாகத்தை முதலில் வாங்க வேண்டும், எந்த அளவுகளை எழுதி அனுப்ப வேண்டும், ஈட்டி மரத்தில் ஃபிரெட்போர்டு (ஃபிரெட் என்னும் உலோகக் கீற்றுகளைப் பதிக்கும் நெக்கின் மேல்பலகை) கேட்டால் சுங்கத்தில் சிக்கல் வருமா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: ஆறுகம்பி

நண்பரே, ஆசாரியைத் தடுத்தது நல்ல காரியம். அந்த நெக்கை இன்னும் தூக்கி எறிய வேண்டாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஸ்ட்ராட் என்பது ஓர் அளவின் பெயர் அன்று. 1954-இல் ஃபெண்டர் நிறுவனம் அதை வெளியிட்டபோது நெக்கைப் பசையிட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பாடியோடு முடுக்கினார்கள். பாகத்தை மாற்றிக்கொள்ளும் வழக்கமே அந்தத் திருகாணிகளில் இருந்துதான் பிறந்தது. ஆனால் அமெரிக்கத் தொழிற்சாலையின் அளவுகள் அங்குலத்தில் அமைந்தவை. பின்னர் ஆசியாவில் செய்யப்பட்ட நகல்கள் மில்லிமீட்டருக்கு மாறியபோது, ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் வசதிக்கு ஏற்ப முழு எண்ணுக்கு அருகில் திருத்திக்கொண்டது. அதனால் இன்று சந்தையில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. அமெரிக்க அளவில் நெக்கின் அடிப்பகுதி 2 3/16 அங்குல அகலம், அதாவது 55.6 மி.மீ.; அது உட்காரும் குழியின் ஆழம் 5/8 அங்குலம், அதாவது 15.9 மி.மீ. விலை குறைந்த கிட்டார்களில் இவை இரண்டும் ஒரு மில்லிமீட்டர் வரை ஏறியோ இறங்கியோ இருக்கும்.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். குழியின் நீளம் மூன்று அங்குலத்துக்குக் கிட்ட இருக்கிறது என்றால், அதற்குள் நெக் அரை மில்லிமீட்டர் ஆடினால் போதும், மறுமுனையில் நட் (தலைப்பக்கம் கம்பிகள் அமரும் பள்ளத் துண்டு) இருக்கும் இடம் ஏறத்தாழ 3 மி.மீ. நகர்ந்துவிடும். அப்போது முதல் கம்பி ஃபிரெட்போர்டின் விளிம்பை ஒட்டி ஓடும். பதினைந்தாம் ஃபிரெட்டில் அழுத்தி அசைத்தால் விளிம்பைத் தாண்டிக் கீழே விழும். இறுக்கமாக இருக்கும் குழியை விரிக்கலாம், தளர்ந்த குழியைச் சுருக்க முடியாது என்பதால், இறுக்கத்துக்காக வருந்த வேண்டாம்.

நெக்கை முதலில் வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பிரிட்ஜில் இருந்து தொடங்குங்கள். ஆறு திருகாணியில் நிற்கும் பழைய பாணி ட்ரெமோலோவில் (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றியிறக்கும் பிரிட்ஜில்) இரு கோடித் திருகாணிகளுக்கும் இடையே 56.4 மி.மீ. இருக்கும், ஆசிய நகல்களில் அது 52.5 மி.மீ. இரண்டு தூண்களில் நிற்கும் வகையிலோ தூண்களின் இடைவெளி பெரும்பாலும் 56 மி.மீ. அல்லது, ஃபிளாய்ட் ரோஸ் வகையானால், 74 மி.மீ. உங்கள் பாடியில் ஏற்கெனவே துளைகள் இருப்பதால் பிரிட்ஜைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் அல்ல, அந்தத் துளைகள்தாம். பிரிட்ஜ் முடிவானால் கம்பிகள் எவ்வளவு அகலத்தில் பரவும் என்பது தெரிந்துவிடும். அதற்கு ஏற்ற நெக்கைத்தான் பிறகு கேட்க வேண்டும்.

நெக்கை வரவழைக்கும்போது 25.5 அங்குல ஸ்கேல் (நட்டில் இருந்து பிரிட்ஜ் வரையான கம்பி நீளம்) என்று எழுதுங்கள். நட்டில் இருந்து பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு 323.9 மி.மீ. இருந்தால் அதுதான் அந்த ஸ்கேல். வாஷிங்டன் மாநிலத்தில் பியூயாலப் ஊரில் இருக்கும் வார்மத் போன்றவர்கள், ஃபெண்டர் பாடியில் பிரிட்ஜை நகர்த்தாமல் 24.75 அங்குல ஸ்கேலுக்கு மாற உதவும் தனி நெக்கையும் செய்கிறார்கள். கிப்சன் நிறுவனக் கிட்டார்களின் தளர்ந்த கம்பி உணர்வு பிடித்தவர்களுக்கு அது நல்ல வழி. மற்றவர்கள் அதைத் தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட வேண்டாம். ஃபிரெட்போர்டின் குவிவை அதன் ஆரத்தால் சொல்வார்கள்: பழைய ஃபெண்டர் 7.25 அங்குலம், இக்கால ஃபெண்டர் 9.5, கிப்சன் 12. கம்பியை இழுத்து வாசிப்பவர் என்றால் 7.25-ஐ விட்டுவிடுங்கள், கம்பி தாழ்வாக இருக்கும்போது இழுத்த சுரம் மேல் ஃபிரெட்களில் நெரிந்து அடங்கிவிடும். வார்மத் போன்றோரின் நெக்கில் ஃபெண்டர் தலை வடிவம் இருப்பது உரிமம் பெற்றுச் செய்வதால்தான். பாடி வடிவத்துக்கு அமெரிக்காவில் அந்தத் தடை கிடையாது. பாடி வடிவங்களை வணிகக்குறியாகப் பதிய ஃபெண்டர் செய்த விண்ணப்பம் 2009-இல் அங்கே தோற்றுவிட்டது. கடைக்குக் கடை தலை வடிவம் மாறி, பாடி மட்டும் ஒரே அச்சாக இருப்பதன் காரணம் அது.

மறுமொழி: ஈட்டிமரம்

மரம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு நெக்கை எல்லை தாண்டி அனுப்புவதற்கே அனுமதித் தாள் வேண்டியிருந்ததால் பலர் ஈட்டியை விட்டு பாவ் ஃபெரோ போன்ற மரங்களுக்கு மாறினார்கள். 2019 நவம்பர் 26 முதல் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் முடிந்த பாகங்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. ஃபிரெட் பதித்த நெக் முடிந்த பாகம். வெறும் பலகைத் துண்டாக வாங்கினால் இந்த விலக்கைக் கோர முடியாது. பிரேசில் ஈட்டி மட்டும் 1992-இல் இருந்தே, மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதலாம் பட்டியலில் இருக்கிறது, அதன் பக்கமே போக வேண்டாம். விலைச்சீட்டில் மரத்தின் தாவரவியல் பெயரை எழுதச் சொல்லுங்கள். உலகெங்கும் ஃபிரெட்போர்டாகும் இந்திய ஈட்டி நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம். அது கடல் கடந்து போய், ஃபிரெட் பதித்துக்கொண்டு, சுங்கம் கட்டித் திரும்பி வருவதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

சுங்க வரியைப் பொருளின் விலையில் மட்டும் கணக்கிட மாட்டார்கள். அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகையின் மீதுதான் போடுவார்கள். ஆகையால் நீண்ட பெட்டியில் வரும் நெக்கின் அனுப்புச் செலவையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை என்பதால் இன்னொன்று. பூச்சு இல்லாத மேப்பிள் நெக்கை விலை குறைவு என்று வாங்கிவிட்டு, பூச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்க வேண்டாம். ஐப்பசி மழையில் அது ஈரத்தைக் குடித்து நெளிந்துவிடும். ஆக்சிஜன் இல்லாத அடுப்பில் வாட்டி எடுத்த மேப்பிள் கிடைத்தால் அதைக் கேளுங்கள். அதன் நிறம் கருப்பட்டிக் காப்பியைப் போல இருக்கும், ஈரத்துக்கும் அவ்வளவாக அசையாது.

மறுமொழி: லேத்துப்பட்டறை

நான் கோவைக்காரன். மின்பாகங்களில் பட்ட பாட்டைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். வால்யூம், டோன் இரண்டுக்குமாக சிடிஎஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் பாட்களை (குமிழால் திருகும் மாறுமின்தடைகளை) வரவழைத்தேன். ஒற்றைச் சுருள் பிக்கப் என்பதால் 250 கிலோ ஓம். வந்து இறங்கிய பிறகுதான் அவற்றின் கழுத்து 9.5 மி.மீ. என்பதும், என் பிக்கார்டில் (பாடியின் முகப்பில் இருக்கும் தகட்டில்) இருக்கும் துளை 8 மி.மீ. என்பதும் தெரிந்தது. அரத்தால் துளையை விரித்து நுழைத்தேன். அடுத்ததாகப் பழைய குமிழ்கள் ஏறவில்லை. அமெரிக்கத் தண்டில் 24 பற்கள், ஆசியத் தண்டில் 18. அதை அழுத்தி ஏற்றப் போய் ஒரு குமிழ் பிளந்தது. ஐந்துநிலை சுவிட்சின் நுனிமூடியிலும் இதே கதைதான். ஆகவே பாட், குமிழ், சுவிட்ச், பிக்கார்டு நான்கையும் ஒரே குடும்பத்தில் வாங்குங்கள். சென்னையில் இருக்கும் உங்களுக்கு ரிச்சி தெரு பக்கத்தில் இருப்பதால் ஒயர், ஈயம், கெபாசிட்டர் போன்றவற்றுக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

ட்ரெமோலோவின் அடியில் தொங்கும் பிளாக்கை நான் இங்கே ஒரு லேத்துப் பட்டறையில் பித்தளையில் செய்துகொண்டேன். பழையதை மாதிரியாகக் கொடுத்தால் கம்பி நுழையும் ஆறு துளைகளையும் ஒரு மணி நேரத்தில் போட்டுவிடுகிறார்கள். கைப்பிடி முடுக்கும் மரைதான் பிரச்சினை. அமெரிக்கக் கைப்பிடிக்கு 10-32 என்னும் அங்குல மரை வேண்டும், பட்டறையில் இருந்ததோ எம்6 என்னும் மில்லிமீட்டர் மரையை வெட்டும் டேப். கைப்பிடியையே எம்6-க்கு மாற்றிக்கொண்டேன். ஓசையில் பெரிய மாற்றம் உண்டா என்று கேட்டால், இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். பித்தளைக்குக் கொடுத்த காசு அப்படி.

கேட்டவர்: மாடியறை

மூவருக்கும் நன்றி. ஒரு வெர்னியர் அளவுகோலை இரவல் வாங்கி அளந்துவிட்டேன். பாடியின் குழி அகலம் 55.3 மி.மீ., ஆழம் 15.8, வாங்கி ஏமாந்த நெக்கின் அடி 56.2. பிரிட்ஜின் கோடித் திருகாணிகளுக்கு இடையே 52.5. பாடியின் கனம் மட்டும் 41 மி.மீ.தான் இருக்கிறது, மற்றவர்கள் 44 என்றும் 45 என்றும் சொல்கிறார்கள். இது இடிக்குமா?

மறுமொழி: ஆறுகம்பி

இடிக்கும், ஆனால் சமாளிக்கலாம். 52.5 என்பதால் 10.5 மி.மீ. கம்பி இடைவெளி கொண்ட பிரிட்ஜை வாங்குங்கள். பாடி மெல்லியதாக இருப்பதால் முழு நீள பிளாக் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு வந்து மூடியைத் தட்டும், 36 மி.மீ. அளவிலான குட்டை பிளாக் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் கோவை நண்பரின் பட்டறை இருக்கவே இருக்கிறது.

நெக்கைப் பொறுத்தவரை, வாங்கியதையே இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். குறைவது ஒரு மில்லிமீட்டருக்கும் உள்ளேதான். அதில் பாதி, குழியின் சுவர்களில் தடித்துக் கிடக்கும் பெயின்டாகவே இருக்கக்கூடும். ஒரு தட்டையான மரத்துண்டில் உப்புத்தாளைச் சுற்றி முதலில் பெயின்டை மட்டும் எடுங்கள். பிறகு நெக்கை வாயில் வைத்து, நட்டின் இரு ஓரப் பள்ளங்களில் இருந்து பிரிட்ஜின் இரு ஓர சாடில்கள் (கம்பி உட்காரும் சிறு தாங்கிகள்) வரை தையல்நூலை இழுத்துக் கட்டி, ஃபிரெட்போர்டின் எந்த விளிம்பில் இடம் குறைவாக இருக்கிறது என்று பார்த்து, நெக் எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்தப் பக்கத்துச் சுவரில் மட்டும் தேய்த்துக்கொண்டு போங்கள். நெக்கைத் தேய்க்கவே கூடாது. திருகாணி போடாமல், பாடியைப் பிடித்துத் தூக்கும்போது நெக் விழாமல் தொங்கினால் அங்கே நிறுத்திவிடுங்கள்.

நெக்கின் அடியில் துளை இல்லாமல் வந்திருந்தால் 3.2 மி.மீ. டிரில் பிட்டால் போடுங்கள். திருகாணியின் மரையில் கொஞ்சம் சோப்பைத் தடவினால் மேப்பிளில் முறியாமல் இறங்கும். பாடியின் கனத்தால் வரும் ஆபத்து இந்த இடத்தில்தான். வழக்கமான திருகாணி 45 மி.மீ. நீளம், உங்கள் 41-இல் குழியின் 15.8 போனால் மிச்சம் 25.2, பின்தகட்டுக்கு 2. அப்படியானால் திருகாணி நெக்குக்குள் ஏறத்தாழ 18 மி.மீ. ஏறும். நெக்கின் அடிக்கனம் 25.4-தான், அதில் மேல் 6 மி.மீ. ஃபிரெட்போர்டு. முனை அதை முட்டி மேலே கொப்பளம் கிளப்பிய கிட்டாரை நான் பார்த்திருக்கிறேன். 40 மி.மீ. திருகாணி நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். டிரில் பிட்டில் 13 மி.மீ. உயரத்தில் ஒரு துண்டு டேப்பைச் சுற்றிவிட்டு, அது மரத்தைத் தொட்டதும் கையை எடுத்துவிடுங்கள்.