ரிஃப்ளக்ஸ்: ‘எதிரேறல்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இரைப்பையில் உள்ளது உணவுக்குழாயில் மேலே ஏறி வருவதை ஆங்கிலத்தில் ‘ரிஃப்ளக்ஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நம் குழுவில் மூன்று நாளாக ஓடும் இழையை இன்று காலையில் முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதுவரை வந்திருக்கும் சொற்கள் ஐந்து: அமிலப் பின்னோட்டம், அமில மீள்பாய்வு, அமில மேலேற்றம், அமில எதிர்க்கசிவு, அப்புறம் நான் சொன்ன எதுக்களிப்பு. இதில் என் சொல்லைப் பாதி திரும்பப் பெற்றுக்கொண்டு வேறொன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு இந்த நோய் பதினோரு வருடமாக இருக்கிறது. நோயாளிகளுக்கான துண்டறிக்கைகளைத் தமிழில் எழுதித் தருவது என் வேலையும்கூட. அதனால் மடல் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘அமிலம்’ பற்றி. மற்ற நான்கு சொற்களிலும் அது முன்னால் நிற்கிறது. அது அங்கே வேண்டாம். இரைப்பையில் அமிலம் இருப்பது குறையே அல்ல. வெறும் வயிற்றில் அதன் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; அது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 1.5, 2 என்ற அளவில் இருக்கும். அதைத் தாங்குவதற்காகவே இரைப்பையின் உட்சுவரில் சளிப்பூச்சு இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பெரும்பாலானவர்களுக்கு அமிலம் அதிகமாகச் சுரப்பதால் இந்த நோய் வருவதில்லை. சுரந்தது தன் இடத்தில் நிற்காமல் மேலே வருவதால்தான் வருகிறது. 2006-இல் மான்ட்ரியலில் வகுத்த வரையறையும் ‘இரைப்பையில் உள்ளவை’ எதிர்த்து வந்து தொந்தரவு தரும் நிலை என்றுதான் சொல்கிறது. அமிலம் என்று சொல்லவில்லை. காரணம், மேலே வருவதில் பெப்சின் என்ற செரிமான நொதி இருக்கும், சில நேரம் பித்தநீர் இருக்கும், வெறும் காற்றும் இருக்கும்.

இது வெறும் சொல் நுணுக்கம் என்று நினைக்காதீர்கள். ‘அசிடிட்டி’ என்ற பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்ததால், அமிலத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். பான்டாப்ரசோல் போட்டுக்கொண்டு இரவு பத்தரைக்குப் பரோட்டா சாப்பிட்டு, பதினோரு மணிக்குப் படுத்தேன். அந்த மாத்திரை அமிலம் சுரப்பதைக் குறைக்கும். மேலே வருவதைத் தடுக்காது. வருவதன் புளிப்பு குறைந்திருக்கும், அவ்வளவுதான். (போட வேண்டிய விதத்திலும் அதைப் போடவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டிய மாத்திரையை, நெஞ்சு எரியும்போதெல்லாம் ஒன்று என்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.)

அமிலத்தைவிட மோசமான பெயர் ஒன்று எங்கள் பக்கம் இருக்கிறது: ‘அல்சர்’. நெஞ்சு எரிந்தாலும் அல்சர், வயிறு உப்பினாலும் அல்சர், ஏப்பம் வந்தாலும் அல்சர். எனக்கும் ஒரு மருத்துவமனையில் எந்தச் சோதனையும் செய்யாமல் அல்சர் என்றார்கள். நான்கு வருடம் அந்தப் பெயரோடு இருந்தேன். அல்சர் என்றாலே வயிற்றைக் காயப் போடக் கூடாது, அடிக்கடி எதையாவது சாப்பிட வேண்டும், படுக்கும்போது பால் குடிக்க வேண்டும் என்று ஊரே சொல்லும். அம்மா தினமும் ராத்திரி ஒரு டம்ளர் பாலை ஆற்றி, தட்டு போட்டு மூடி, கட்டில் பக்கத்து ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போவார். குடித்துவிட்டுப் படுப்பேன். இரண்டு மணி வாக்கில் தொண்டையில் ஏதோ சூடாக ஏறும். திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தால், திரிந்த பாலின் புளிப்பு நாக்கின் அடியில் இருக்கும், மூக்கு வரைக்கும் காந்தும். விடியும் வரை சுவரில் சாய்ந்தபடியே இருப்பேன். பால் பத்தவில்லை என்று நினைத்து, அடுத்த நாள் அம்மா பெரிய டம்ளராக எடுத்துவைப்பார். அவ்வளவு அன்பும் தப்பான ஒரு பெயரின் பின்னால் போனது.

பிறகு எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் ஒரு புண்ணும் இல்லை. உணவுக்குழாயின் அடிமுனையில்தான் சிவந்து அரித்திருந்தது. அல்சர் என்பது வேறு நோய். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ வரும் புண் அது. பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியால் வரும், இல்லாவிட்டால் வலி மாத்திரைகளால் வரும். அந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்குத்தான் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய மருத்துவர்களுக்கு 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மேலே ஏறும் நோய்க்கும் அதற்கும் வைத்தியம் ஒன்றல்ல.

அதனால் நாம் வைக்கும் பெயரில் திசை இருக்க வேண்டும் என்கிறேன். கீழே போக வேண்டியது மேலே வருகிறது என்பதைப் பெயரே சொல்லிவிட்டால், நோயாளிக்குப் பாதி வைத்தியம் புரிந்துவிடும். சாப்பிட்டதும் ஏன் படுக்கக் கூடாது, இடுப்பில் ஏன் இறுக்கிக் கட்டக் கூடாது, கட்டிலின் தலைமாட்டை ஏன் உயர்த்த வேண்டும் என்று தனித்தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆயுர்வேதத்தில் இதுபோன்ற புளிப்புத் தொந்தரவுக்கு அம்லபித்தம் என்று பெயர்; அதை மேல்நோக்கியது, கீழ்நோக்கியது என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். நம் சித்த மருத்துவத்தில் குன்மம் என்ற வயிற்று நோய் எட்டு வகை, அதில் எரிகுன்மம் ஒன்று. அது எரிச்சலைச் சொல்கிறது, திசையைச் சொல்வதில்லை.

எதுக்களிப்பு என்ற சொல்லை நான் எடுத்ததே திசைக்காகத்தான். எதிர்த்த வீடு பேச்சில் எதுத்த வீடு ஆவதுபோல, ‘எதிர்’ தான் அங்கே ‘எது’வாக நிற்கிறது. பக்கத்து வீட்டு அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்ததும் படுக்கப் போட மாட்டார். தோளில் சாய்த்து, முதுகைத் தட்டிக்கொண்டே கூடத்தில் நடப்பார். ஏப்பம் வந்த பிறகுதான் தொட்டில். “உடனே போட்டா எதுக்களிச்சிரும்” என்பார். பெரியவர்களுக்கு மருத்துவர் சொல்வதும் இதேதான்: சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் நிமிர்ந்திருங்கள். சொல்லும் வைத்தியமும் சேர்ந்தே நம் வீடுகளில் இருந்திருக்கின்றன. வாந்தி வேறு, எதுக்களிப்பு வேறு என்பதும் நம் பெண்களுக்குத் தெரியும். வாந்தியில் வயிற்றுத் தசை இழுத்துத் தள்ளும், குமட்டும். எதுக்களிப்பில் எந்த முயற்சியும் இல்லாமல் தானாக வழிந்து வரும்.

ஆனால் குழுவில் உள்ள மருத்துவ நண்பர் நேற்று எழுதியது என்னை யோசிக்க வைத்தது:

> எதுக்களிப்பு என்றால் தொண்டைக்கோ வாய்க்கோ வந்து சேர்ந்திருக்க வேண்டும். பாதி வழி ஏறித் திரும்பிவிட்டால் அதற்கு என்ன பெயர்? இரவு இருமலோடு மட்டும் வருபவர்கள் இருக்கிறார்கள். எதுக்களிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

இது நியாயமான கேள்வி. உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளம். அதன் அடியில் இருக்கும் சுருக்குத்தசை, பாட்டிகளின் சுருக்குப்பை வாய்போல இழுத்து மூடியிருக்கும். விழுங்கும்போது திறக்கும். விழுங்காதபோதும் சில நேரம் தானாகத் தளரும். இரைப்பை நிறைந்து விரிந்தால் இப்படித் தளர்வது கூடும். ஏப்பம் வெளியேறுவதும் இந்த வழியில்தான். அப்போது கொஞ்சம் மேலே ஏறி இறங்குவது நல்ல உடம்பிலும் தினமும் நடக்கிறது. உணவுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு 24 மணி நேரம் பி.எச். அளக்கும் சோதனையில், 4-க்குக் கீழே இருக்கும் நேரம் மொத்தத்தில் 4 விழுக்காட்டுக்குள் என்றால் இயல்பு, 6-ஐத் தாண்டினால் நோய் என்பது இப்போதைய கணக்கு. அதாவது ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரை இயல்பு என்றே வைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி யாருக்கும் தெரியாமலே நடக்கும். தெரியாமல் நடப்பதை எதுக்களிப்பு என்று சொன்னால் அந்தச் சொல்லின் உயிர் போய்விடும். அது உணர்ந்து சொல்லும் சொல்.

ஆகவே மூன்றுக்கும் மூன்று சொல் வைப்போம். ஏறும் நிகழ்வுக்கு எதிரேறல். தொண்டைக்கோ வாய்க்கோ வந்து தெரிந்தால் எதுக்களிப்பு. மார்பெலும்புக்குப் பின்னால் எரிந்தால் நெஞ்செரிச்சல். நோய்க்குப் பெயர் இரைப்பை எதிரேறல் நோய்.

எதிரேறல் நான் புதிதாகக் கட்டிய சொல் அல்ல. எங்கள் மதுரைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை, சம்பந்தரின் ஏடு வைகையில் எதிரேறிப் போய்த் திருவேடகத்தில் நின்றது. சாமி கதை வேண்டாம் என்றால் கண்மாய்க்கு வாருங்கள். புது வெள்ளம் கலுங்கில் விழும்போது மீன் எதிரேறும். ஓட்டத்துக்கு எதிராக மேலே போவது என்ற பொருள் யாருக்கும் விளக்காமலே புரியும். ‘எதிரேறுகிறது’, ‘எதிரேறியது’ என்று வினையாகவும் வருகிறது. மீள்பாய்வில் இந்த வசதி இல்லை. எந்த நோயாளியும் “ராத்திரி மீள்பாய்ந்தது” என்று சொல்ல மாட்டார். மேலும் அது பாய்வதில்லை, நழுவுகிறது. பின்னோட்டத்தில் வேறு சிக்கல்: பின்னூட்டம் என்பதிலிருந்து ஓர் எழுத்துதான் வித்தியாசம். அச்சில் கட்டாயம் மாறிப்போகும், பிழைதிருத்துபவராகச் சொல்கிறேன். எதிர்க்கசிவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கசிவு என்றால் ஓட்டை என்று தோன்றிவிடும். மேலேற்றம் திசையைச் சரியாகச் சொல்கிறது, ஆனால் விலையேற்றம், ஊதியவேற்றம் பக்கமாக இழுக்கிறது. அதே காரணத்தால்தான் எதிரேற்றம் என்றும் வைக்காமல் எதிரேறல் என்கிறேன்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மறுபடி சிறுநீரகத்தை நோக்கிப் போவதற்கும் ரிஃப்ளக்ஸ் என்றே பெயர். அங்கே ‘சிறுநீர் எதிரேறல்’ அழகாக உட்காருகிறது. கால் சிரையில் வால்வு பழுதாகி ரத்தம் கீழே இறங்குவதற்கும் அதே பெயர்தான். அங்கே எதிரேறல் பொருந்தவே பொருந்தாது. அதற்குப் பின்னொழுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றைக் கொண்டே எல்லா இடத்தையும் அடைக்க வேண்டியதில்லை.

என் கட்டிலைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனென்றால் சொல்லுக்கான சோதனை அங்கேதான் நடந்தது. தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல் அடுக்கி, ஏறத்தாழ 15 செ.மீ. உயர்த்தியிருக்கிறேன். வெறும் செங்கலில் கட்டில்கால் வழுக்கியது. பழைய மிதியடியை வெட்டி நடுவில் வைத்த பிறகு நின்றது. முதல் வாரம் உறக்கத்தில் கால்மாட்டுக்குச் சறுக்கிக்கொண்டே போனேன், இப்போது பழகிவிட்டது. தலையணையை அடுக்கினால் இதே பலன் வராது. உடம்பு இடுப்பில் மடிந்து வயிற்றை அமுக்கும், இன்னும் ஏறும். அதோடு இடது பக்கம் படுக்கிறேன். அப்படிப் படுத்தால் இரைப்பையின் பை கீழேயும் உணவுக்குழாய் வாய் மேலேயும் இருக்கும். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள் முடிகிறது. காபியை நான் விடவில்லை, எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. புதினாத் துவையலும் எண்ணெய்ப் பலகாரமும்தான் ஆகவில்லை. இது ஆளுக்கு ஆள் மாறும்.

செங்கல் வைத்த அன்று அம்மா எதற்கு என்று கேட்டார். “சாப்பிட்டது எதிரேறுதும்மா, அது ஏறாம இருக்க” என்றேன். வேறு எதுவும் விளக்கவில்லை. கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்போ ராத்திரி பாலையும் முன்னாடியே தந்திரணும்ல” என்றார். அன்றிலிருந்து பால் ஆறு மணிக்கு வருகிறது.

துண்டறிக்கைக்கு நான் எழுதி வைத்திருக்கும் முதல் பத்தி இது. எங்கே இடறுகிறது என்று பாருங்கள்:

“சாப்பிட்டது இரைப்பையிலிருந்து மறுபடி உணவுக்குழாயில் ஏறுவது எதிரேறல். எப்போதாவது நடந்தால் கவலை இல்லை. அடிக்கடி நடந்து நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, இரவு இருமல் என்று தொந்தரவு தந்தால் அது இரைப்பை எதிரேறல் நோய். விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சை அழுத்தும் வலி வந்து கைக்கோ தாடைக்கோ பரவினால், எதிரேறல்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.”

இன்னொரு உதவி வேண்டும். நெஞ்செரிச்சல் எழுத்துச் சொல்லாகிவிட்டது. எங்கள் பக்கம் ‘நெஞ்சு கரிக்குது’ என்றும் சொல்வார்கள். கொங்கு, நெல்லை, தஞ்சைப் பக்கத்து நண்பர்களும் ஈழத்து நண்பர்களும் உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள். அறிக்கை மாத இறுதியில் அச்சுக்குப் போகிறது. எல்லாச் சொல்லையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால், படிப்பவர் தன் சொல்லைப் பார்த்ததும் நிறுத்திப் படிப்பார்.