ஹோலிரூட் கேள்விகள்: எங்கே பதில் வரும், எங்கே வழுக்கும்

லீத்வாசி

எடின்பரோவில் ஹோலிரூட்டில் இருக்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் தங்கள் எம்எஸ்பி (அதன் உறுப்பினர்) மூலம் அரசுக்கு எழுத்துக் கேள்வி போடவைக்கிற தமிழர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகிறார்கள். பதில் வந்ததும் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று." பல நேரம் கோளாறு பதிலில் இல்லை, கேள்வியிலேயே இருக்கிறது. எந்த மாதிரிக் கேள்விக்கு எந்த மாதிரிப் பதில் வருகிறது, ஏன் வருகிறது என்று இங்கே போடுங்கள். சொந்த வழக்கு விவரம் வேண்டாம்.

முதல் கணக்கு நான் சொல்லிவிடுகிறேன். அவையில் மொத்தம் 129 பேர். 73 பேர் தொகுதிக்கு ஒருவர், மிச்சம் 56 பேர் எட்டு மண்டலங்களுக்குத் தலா ஏழு பேர். ஆக உங்கள் முகவரிக்கு எம்எஸ்பி ஒருவர் அல்ல, எட்டுப் பேர். தொகுதிக்காரர் ஆளுங்கட்சியாக இருந்து கேள்வி போடத் தயங்கினால், மண்டலத்து ஏழு பேரில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவராவது இருப்பார். ஒரே கேள்வியை எட்டுப் பேருக்கும் அனுப்பாதீர்கள். உறுப்பினர்கள் தொகுதி விவகாரத்தில் ஒருவர் காலை ஒருவர் மிதிக்க விரும்ப மாட்டார்கள், "வேறு யாரோ பார்க்கிறார்" என்று எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள்.

எல்லைக்கோடு

அதிகம் வழுக்குகிற இடம் இதுதான்: யார் கையில் உள்ள அதிகாரம்? 1998 ஸ்காட்லாந்து சட்டம் தலைகீழாக எழுதப்பட்டது. எடின்பரோவுக்கு, அதாவது ஸ்காட்லாந்து அரசுக்கும் நாடாளுமன்றத்துக்கும், கொடுத்தவை எவை என்று அதில் பட்டியல் கிடையாது. லண்டன் தன்னிடம் வைத்துக்கொண்டவைதான் ஐந்தாம் அட்டவணையில் இருக்கின்றன. அதில் இல்லாததெல்லாம் எடின்பரோவுடையது. ஆகவே கேள்வி எழுதுமுன் அந்த அட்டவணையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நம்மவர்களுக்குப் பழக்கமான துறையிலேயே பாருங்கள். ஒரு செவிலியரின் விசா லண்டன் விஷயம். வெளிநாட்டுப் படிப்பை ஏற்றுப் பதிவு கொடுப்பதும் லண்டன் பக்கம்தான், ஏனென்றால் செவிலியர், மருத்துவர் தொழில் ஒழுங்குமுறை அட்டவணையில் இருக்கிறது. அதே செவிலியருக்கு ஸ்காட்லாந்து என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) கொடுக்கும் சம்பளம், சுகாதார வாரியம் வெளிநாட்டில் ஆளெடுக்கும் திட்டம், ஏஜென்சி ஆட்களுக்கு ஆகும் செலவு, மூன்றும் எடின்பரோ. "வெளிநாட்டுச் செவிலியர் பிரச்சினை" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், அமைச்சர் இந்த ஐந்தில் தனக்கு வசதியான ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுவார்.

போதைப்பொருள் மரணங்களில் இந்தக் கோடு இன்னும் நெளிகிறது. 1971 போதைப்பொருள் சட்டம் லண்டனுடையது, சுகாதாரமும் வழக்குத் தொடுப்பதும் எடின்பரோவுடையவை. கிளாஸ்கோவில் மேற்பார்வையுடன் போதைப்பொருள் எடுத்துக்கொள்ளும் மையம் சட்டத்தை மாற்றித் திறக்கப்பட்டதல்ல. அங்கே சின்ன அளவில் வைத்திருந்ததற்காக வழக்குத் தொடுப்பது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று 2023 செப்டம்பரில் லார்ட் அட்வகேட் (ஸ்காட்லாந்தில் வழக்குத் தொடுக்கும் துறையின் தலைவர்) நிலைப்பாடு எடுத்தார், 2025 ஜனவரியில் மையம் திறந்தது. "சட்டத்தை எப்போது மாற்றுவீர்கள்" என்று பல வருஷம் கேட்டவர்களுக்கு "அது லண்டன் கையில்" என்ற பதில்தான் கிடைத்தது. வழக்குத் தொடுக்கும் கொள்கை, நிதி, மதிப்பீடு என்று கேட்டவர்களுக்கே பேச வேண்டிய கட்டாயம் அரசுக்கு வந்தது.

லண்டன் விஷயத்தைத்தான் எழுப்பியாக வேண்டும் என்றால் ஒரு பழைய பின்வாசல் இருக்கிறது: "இது பற்றி ஐக்கிய ராஜ்ய அரசுடன் என்ன பேச்சுவார்த்தை நடத்தியிருக்கிறது?" கேள்வி ஏற்கப்படும். பதில் பெரும்பாலும் "தொடர்ந்து பேசிவருகிறோம்" என்று வழவழவென இருக்கும். கடைசியாகப் பேசிய தேதி, எந்த அமைச்சர், கடிதமா சந்திப்பா என்று மூன்றையும் கேள்விக்குள்ளேயே கேட்டால் கொஞ்சம் கெட்டிப்படும்.

சேம்பர்மேசை

கேள்வி போகிற வழி: எம்எஸ்பி அலுவலகம் போடும், சேம்பர் டெஸ்க் (நாடாளுமன்றத்தில் கேள்விகளை வாங்கும் மேசை) ஊழியர்கள் விதிப்படி சரிபார்ப்பார்கள், பிறகு எண் விழும். S6W என்று தொடங்கினால் ஆறாவது அமர்வுக்காலம் (2021 தேர்தலில் தொடங்கியது), எழுத்துக் கேள்வி என்று பொருள். O வந்தால் வாய்மொழி, F வந்தால் முதலமைச்சருக்கு, T வந்தால் செவ்வாய்க்கிழமைக்கான நடப்புக் கேள்வி.

அந்த மேசையில் திருப்பி அனுப்பப்படும் காரணங்கள்:

கேள்விக்குள் கருத்து இருப்பது. "ஏன் தோல்வியடைந்தது" என்ற சொல் ஒன்றே போதும்.

கடந்த ஆறு மாதத்துக்குள் அதே விஷயத்துக்குப் பதில் வந்திருப்பது. இது எம்எஸ்பி அலுவலகங்களே அடிக்கடி சறுக்கும் இடம். தேடுபெட்டியில் இரண்டு நிமிடம் செலவழித்தால் தெரிந்துவிடும்.

நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கைத் தொடுவது.

ஸ்காட்லாந்து அமைச்சர்களின் பொறுப்பில் இல்லாதது. மேலே எல்லைக்கோடு சொன்னதேதான்.

இனி ஒரு கேள்வியையே அறுத்துப் பார்ப்போம். எம்எஸ்பிக்கு வழக்கமாக வருவது இப்படி: *"எங்கள் பகுதிப் பள்ளியில் ஆசிரியரே இல்லையே, அரசு என்ன செய்கிறது?"* இது அப்படியே போனால் வரும் பதில் தெரிந்ததுதான்: ஆசிரியரை நியமிப்பது கவுன்சிலின் (உள்ளாட்சியின்) பொறுப்பு. சரியான பதில், ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆனால் ஆசிரியர் எண்ணிக்கையைக் காப்பாற்றக் கவுன்சில்களுக்கு அரசு கொடுக்கும் தனித்தொகை ஒன்று இருக்கிறது: 2024-25இல் 14.55 கோடி பவுண்ட். நிபந்தனையோடு கொடுக்கும் பணம். பணத்தைக் கொடுத்தவரிடம் பணத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும்: *"ஆசிரியர் எண்ணிக்கையைப் பேண ஒதுக்கிய தொகையில், இந்த நிதியாண்டில் ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் எவ்வளவு வழங்கியது, எவ்வளவு நிறுத்திவைத்தது, எந்த நிபந்தனையின் பேரில் என்று ஸ்காட்லாந்து அரசைக் கேட்க."* இதற்கு "கவுன்சிலைக் கேளுங்கள்" என்று சொல்ல முடியாது. 32 வரி அட்டவணை வரும், உங்கள் கவுன்சில் அதில் ஒரு வரி. அந்த வரியை எடுத்துக்கொண்டு கவுன்சிலரிடம் போங்கள்.

தகவல்தேடி

"இந்தத் தகவல் மையமாகத் தொகுக்கப்படுவதில்லை." அரசிடமிருந்து அடிக்கடி வரும் இந்தப் பதிலைப் பற்றி யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.

பொய் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் உண்மைதான். நிலப்பகுதிச் சுகாதார வாரியங்கள் 14 இருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் பதிவை வேறு மாதிரி வைத்திருக்கும். அந்தப் பதிலைப் பெற்றவர் அதோடு நிற்பதுதான் தப்பு. அரசிடம் இல்லை என்று பதிவாகிவிட்டது அல்லவா, அடுத்து தகவல் சுதந்திரச் சட்டத்தில் 14 வாரியங்களுக்கும் ஒரே வாசகத்தில் விண்ணப்பம் போடுங்கள். 2002ஆம் ஆண்டுச் சட்டம், 2005 ஜனவரி 1 முதல் நடைமுறை, 20 வேலைநாள் கெடு. தேடும் செலவு 600 பவுண்டைத் தாண்டினால் மறுக்கலாம், ஊழியர் நேரத்துக்கு மணிக்கு அதிகபட்சம் 15 பவுண்ட் கணக்கு. அதாவது ஏறத்தாழ 40 மணி நேர வேலை. பத்து வருஷத் தரவு கேட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் மூன்று வருஷம் கேட்டால் தப்பிப்பார்கள்.

எழுத்துக் கேள்விக்கான கெடு வேறு: சாதாரணமாக 10 வேலைநாள், நீண்ட விடுமுறைக் காலத்தில் போட்டால் 20. ஜூலையில் போட்டுவிட்டு இரண்டு வாரத்தில் பதில் வரவில்லை என்று எம்எஸ்பி அலுவலகத்தைத் திட்டாதீர்கள்.

இன்னொன்று. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரில் 95 சதவீதம் பேரை நான்கு மணி நேரத்துக்குள் கவனித்து முடிப்பது என்ற இலக்கு பற்றிய எண்ணிக்கைகளை பப்ளிக் ஹெல்த் ஸ்காட்லாந்து தானே வெளியிடுகிறது. அதைக் கேள்வியாகப் போட்டால் இணைப்பு ஒன்றைக் கொடுத்து முடித்துவிடுவார்கள், ஒரு கேள்வி வீண். வெளியான எண்ணை நீங்களே எடுத்து, "இது குறைந்ததற்குக் குறிப்பிட்ட வாரியத்துடன் எப்போது பேசியது, என்ன திட்டம் ஒப்புக்கொண்டது" என்று கேளுங்கள்.

வியாழன்நண்பகல்

எழுத்துக் கேள்வி பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். அவையில் வாய்திறந்து கேட்பது தனிக் கலை.

செவ்வாய் மதியம் நடப்புக் கேள்விகள், 2012இல் தொடங்கியவை. புதன், வியாழன் மதியங்களில் துறைவாரி. வியாழன் காலை பொதுக் கேள்விகள், அதை ஒட்டி நண்பகல் 12 மணிக்கு முதலமைச்சர் நேரம். முன்பு அரை மணி, 2016 முதல் 45 நிமிடம். இவை எதிலும் அடங்காத அவசரம் என்றால் அன்றைக்குக் காலை 10 மணிக்குள் அவசரக் கேள்வி கொடுக்க வேண்டும், ஏற்பதா இல்லையா என்பது பிரிசைடிங் ஆஃபீசர் (சபாநாயகர்) முடிவு.

துறைவாரிக் கேள்வியில் யார் கேட்பது என்பது குலுக்கல். முந்தைய வாரமே வாசகம் அமைச்சருக்குப் போய்விடும், பதில் தாளில் தயாராக இருக்கும். அதனால் அச்சில் வரும் கேள்வி கதவைத் தட்டுகிற வேலைதான் செய்கிறது. உயிர் இருப்பது நம்மூர் சட்டமன்றத்தில் சொல்கிற அதே துணைக் கேள்வியில். எம்எஸ்பிக்குக் குறிப்பு அனுப்புகிறவர்கள் அச்சுக் கேள்வியை மெருகேற்றவே ஒரு பக்கம் செலவழிக்கிறார்கள். மாறாக, அச்சுக் கேள்வியை அகலமாக விடுங்கள், துணைக் கேள்விக்கு மூன்று வரி கொடுங்கள்: ஒரு எண், ஒரு தேதி, ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே சொல்லக்கூடிய ஒரு கேள்வி. மூன்று கேள்வியைத் திணித்தால் அமைச்சர் அதில் சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்லி உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு வியாழனும் பார்க்கலாம்.

"முதலமைச்சரின் இந்த வார அலுவல்கள் என்ன" என்று கட்சித் தலைவர்கள் சம்பிரதாயத்துக்குக் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்த காலம் உண்டு. அதை எடுத்தது நல்ல காரியம்.

அமைச்சர் பதில் சொல்லவில்லை என்று பிரிசைடிங் ஆஃபீசரிடம் முறையிடுவதில் பலன் இல்லை. பதிலின் உள்ளடக்கம் தன் பொறுப்பல்ல என்பதே எப்போதும் வரும் தீர்ப்பு.

கிளைட்கரை

கப்பல் விவகாரத்தைத் தொடாமல் இந்த இழை முடியக் கூடாது.

போர்ட் கிளாஸ்கோவில் ஃபெர்குசன் தளத்தில் இரண்டு படகுகள், 2015இல் 9.7 கோடி பவுண்ட் ஒப்பந்தம். 2018இல் வந்திருக்க வேண்டியவை. 2017 நவம்பரில் 'கிளென் சானக்ஸ்' தண்ணீரில் இறக்கப்பட்டபோது ஜன்னல்கள் பெயிண்டால் வரையப்பட்டிருந்தன. 2019இல் தளம் அரசுடைமை. 2025 ஜனவரியில்தான் அந்தப் படகு பயணிகளை ஏற்றியது.

கேள்வி கேட்பவருக்கு இதில் பாடம் படகில் இல்லை, பொறுப்பு எத்தனை கையில் சிதறிக் கிடக்கிறது என்பதில் இருக்கிறது. படகை ஓட்டுவது கால்மாக். படகை வாங்கி வைத்திருப்பது சிமால். கட்டுவது ஃபெர்குசன். பணம் கொடுப்பது ட்ரான்ஸ்போர்ட் ஸ்காட்லாந்து வழியாக அரசு. எல்லாமே அரசின் உடைமை, ஆனால் "இன்று ஏன் படகு ரத்து" என்றால் அது கால்மாக்கின் நடைமுறை விஷயம் என்று கைகாட்டப்படும். "எப்போது முடியும்" என்றால் தளத்தின் தலைமை நிர்வாகி குழுவுக்கு எழுதிய கடிதத்தைப் பார்க்கச் சொல்வார்கள். அந்தக் கடிதங்கள் போக்குவரத்தைக் கவனிக்கும் நாடாளுமன்றக் குழுவின் பக்கத்தில் கிடக்கின்றன. இரண்டு கடிதங்களை அருகருகே வைத்து, தேதியும் செலவும் எங்கே மாறியது என்று பார்த்து, அந்த மாற்றத்துக்கு அமைச்சர் எப்போது ஒப்புதல் கொடுத்தார் என்று கேட்டால் பந்து அமைச்சரிடமே நிற்கும்.

அடுத்தது ஆவணம். கொடுத்த பணத்தைத் திருப்பித் தருவதாகக் கட்டுபவரிடமிருந்து முழு உத்தரவாதம் இல்லாதபோதும் அமைச்சர்கள் ஏன் ஒப்பந்தத்தை ஏற்றார்கள் என்பதற்குப் போதுமான பதிவு இல்லை என்று 2022 மார்ச்சில் தணிக்கை அறிக்கை சொன்னது. மே மாதம் அந்த ஒப்புதல் பற்றிய ஒரு மின்னஞ்சல் கிடைத்ததென்று அரசு வெளியிட்டது. ஆகவே "ஏன் ஏற்றீர்கள்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எந்தத் தேதியில், யார் அனுப்பிய எந்தக் குறிப்பின் பேரில் முடிவு எடுக்கப்பட்டது, அந்தக் குறிப்பு பதிவில் இருக்கிறதா" என்று கேட்க வேண்டும். காரணத்தை எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், பதிவு இருக்கிறதா இல்லையா என்பதற்கு அப்படிச் சுற்றி வளைக்க இடமில்லை.

எல்லைக்கோடு

கிளைட்கரை சொன்னதோடு ஒன்று: சட்ட ஆலோசனையைக் கேட்டால் கொடுப்பதில்லை என்பதுதான் அரசின் வழக்கம். 2020 நவம்பரில் அவை இரண்டு தடவை வாக்களித்தும் ஒரு வழக்கின் ஆலோசனை வெளிவரவில்லை. 2021 மார்ச்சில் துணை முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரும் என்றதும்தான் வந்தது. ஒரு எழுத்துக் கேள்வியால் ஆகிற காரியம் அல்ல, அதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

புதியவர்

இடைக்கால பதில் என்று ஒன்று வந்திருக்கிறது, "இயன்ற விரைவில் பதிலளிப்பேன்" என்று ஒரே வரி. ஒரு மாதம் ஆகிவிட்டது. அதே கேள்வியைத் திரும்பப் போடலாமா?

சேம்பர்மேசை

அதையே திரும்பப் போடாதீர்கள். எம்எஸ்பி அலுவலகத்திடம் எண்ணைக் கொடுத்து, "இந்த எண்ணுள்ள கேள்விக்கு முழுப் பதிலை அரசு எந்தத் தேதியில் வழங்கும்" என்று தனிக் கேள்வி போடச் சொல்லுங்கள். முழுப் பதில் வந்து அரைகுறையாக இருந்தால், "இந்தத் தேதியில் இந்த எண்ணுக்கு அளித்த பதிலைத் தொடர்ந்து" என்று ஆரம்பித்து விடுபட்ட துண்டை மட்டும் கேட்கலாம். அது புதுக் கேள்வி, ஆறு மாத விதி அதைத் தடுக்காது. எண்ணை மட்டும் சரிபார்த்துக் கொடுங்கள். ஒரு இலக்கம் பிசகினாலும் மேசையில் நின்றுவிடும்.