சலசலப்பு அடங்கினா எண்ணெய் ரெடியா?

கெடிலக்கரை | காலை 7:40

நேத்து பாகூர் பத்மா இங்க போட்ட கரிசாலைத் தைலக் குறிப்பைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. பாக்காதவங்களுக்காக அப்படியே தரேன்: "தேங்காய் எண்ணெய் 1 லிட்டர், கரிசலாங்கண்ணிச் சாறு 1 லிட்டர், வெந்தயம் 50 கிராம், நெல்லி வற்றல் 50 கிராம் ஊறவெச்சு அரைச்சுப் போட்டு சின்னத் தீயில காய்ச்சணும். சலசலப்பு அடங்கினதும் இறக்கிடுங்க. அதுக்கு மேல ஒரு நிமிஷம் வெச்சாலும் சத்து செத்துடும்."

கீழ ஆளாளுக்கு நன்றி சொல்லி வெச்சிருக்கீங்க. ஐப்பசி மழை தொடங்கப் போற நேரத்துல, கடலோரக் காத்துல, இந்தக் குறிப்பை நம்பிக் காய்ச்சின எண்ணெய் ரெண்டு வாரம் தாங்குமா? சலசலப்பு அடங்குறது பதம் கிடையாது. தீ பத்தலைன்னாலும் சலசலப்பு அடங்கும். சிம்ல வெச்சா தண்ணி உள்ள இருக்கும்போதே சத்தம் நின்னுடும். தட்டைக் கரண்டியால அடியைச் சுரண்டிக் கிளறிப் பாருங்க, மறுபடியும் சடசடன்னு கிளம்பும். அரைச்ச விழுதுக்குள்ள இருக்குற ஈரம் அது. அதோட இறக்கி பாட்டில்ல ஊத்தினா பூஞ்சை வரும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.

பாகூர்_பத்மா | காலை 8:15

பேரைப் போட்டு தனியா ஒரு இழை ஆரம்பிக்கிற அளவுக்கு நான் என்ன குத்தம் பண்ணேன்? என் குறிப்புக்குக் கீழயே கேட்டிருக்கலாம். மூலிகைச் சாறு சூடு தாங்காது. கருகின எண்ணெயைத் தலையில தேய்க்கிறதுக்குப் பச்சை எண்ணெயே மேல். சலசலப்பு அடங்கினா தண்ணி வத்திடுச்சுன்னு அர்த்தம். இது அடுப்படி தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும்.

கெடிலக்கரை | காலை 8:31

அடுப்படி தெரிஞ்சவங்க நெய் உருக்குறதைப் பாத்துட்டு எண்ணெய்க்கும் அதையே சொல்றாங்க. குழப்பமே அங்கதான். நெய்க்கு நுரை அடங்கினா பதம். எண்ணெய்க்கு நுரை கிளம்பினா பதம். ரெண்டும் நேர் எதிர். வைத்திய முறையில தைலத்துக்குச் சொல்ற அடையாளம் நுரை எழும்புறது. தண்ணி முழுசா போனதும் எண்ணெயோட சூடு சட்டுனு ஏறும், பொடி நுரை மேல படரும், மூலிகை வாசனை தூக்கும். அதுவரைக்கும் பொறுக்கணும்.

சூடு தாங்காதுங்கிறதும் சரியில்ல. தண்ணி இருக்குற வரைக்கும் எண்ணெய் 100 டிகிரியைச் சுத்தித்தான் நிக்கும். கருகுறது தண்ணி தீந்த பிறகு. அந்த நேரத்துல அடுப்பை விட்டு நகராம நின்னா எதுவும் கருகாது.

முத்தியால்பேட்டை_முரளி | காலை 9:02

ரெண்டு பேரும் பாத்திரத்தைப் பத்திப் பேசவே இல்லையே. இரும்புச் சட்டியில காய்ச்சுங்க. எண்ணெய் கறுகறுன்னு வரும். அந்தக் கறுப்புதான் தலைமுடிக்கு ஏறும். எவர்சில்வர்ல காய்ச்சினா பச்சைத் தண்ணி மாதிரி இருக்கும்.

கெடிலக்கரை | காலை 9:20

முரளி தம்பி, நெல்லி வற்றல்ல துவர்ப்பு இருக்கு. அது இரும்போட சேந்தா கறுக்கும். இரும்புல புளிக்குழம்பு வெச்சா கறுக்குதே, அதே கதைதான். அந்தக் கறுப்பு எண்ணெய்ல கரையாது, பொடியா மிதக்கும், தலையணை உறையில ஒட்டும். முடிக்குள்ள ஏறாது. நல்ல கரிசாலைத் தைலம் கரும்பச்சையா, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா தெளிவா இருக்கணும். கலங்கலா இருந்தா உள்ள ஈரம் இருக்கு, சலசலப்பை நம்பி இறக்கியிருக்காங்கன்னு அர்த்தம்.

முத்தியால்பேட்டை_முரளி | காலை 9:26

கடலூர்க்காரங்களுக்கு எல்லாமே தெரியும். ஒத்துக்கிறேன். பாண்டியில நாங்க கண்ணை மூடிக்கிட்டுத்தான் காய்ச்சுறோம்.

கெடிலக்கரை | காலை 9:33

ஊரை ஏன் இழுக்குறீங்க? பாதிரி மரத்துப் பேரையே ஊர்ப்பேரா வெச்சிருக்குற திருப்பாதிரிப்புலியூர்க்காரனுக்கு மூலிகை தெரியாம இருக்குமா?

முத்தியால்பேட்டை_முரளி | காலை 9:41

மரத்துப் பேரு வெச்சா வைத்தியனாயிட முடியாது. எங்க ஊர்ல செயின்ட் லூயிஸ் வீதி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்ல ஹெர்பேரியமே இருக்கு. 1955ல ஆரம்பிச்ச இடம். காஞ்ச செடியை அட்டையில ஒட்டி, பேரு எழுதி அடுக்கி வெச்சிருக்காங்க.

வடலூர்_செல்வி | காலை 10:10

சண்டைக்கு நடுவுல கேக்குறேன், கோச்சுக்காதீங்க. சாறு எப்படி எடுக்கணும்? மிக்சியில தண்ணி விட்டு அரைக்கலாமா? மஞ்சள் கரிசாலையா, வெள்ளையா? எங்க ஊர்ல வள்ளலார் சொன்ன மூலிகைன்னு எல்லா வீட்டுலயும் வெச்சிருப்பாங்க, ஆனா எது எதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

கெடிலக்கரை | காலை 10:38

செல்வி, நல்ல கேள்வி. தலைக்கு வெள்ளைப் பூ பூக்குற கரிசாலைதான் எடுப்பாங்க. கையாந்தகரைன்னும் பேரு. வாய்க்கால் ஓரம், நெல் வயல் வரப்புல தானா மொளைச்சுக் கிடக்கும். தண்டைக் கிள்ளித் தேய்ச்சா கொஞ்ச நேரத்துல விரல் கறுக்கும், அதுதான் அடையாளம். மஞ்சள் பூ பூக்குறது வேற செடி, அதையும் உபயோகிப்பாங்க. ஆனா பங்களா வாசல்ல, ரோட்டு நடுவுல தரையை மூடிப் படருற மஞ்சள் பூக் கொடி இருக்கே, அதைப் பறிச்சுடாதீங்க. அது அழகுக்கு வெளிநாட்டுல இருந்து வந்த கொடி. இலை ஓரத்துல ரெண்டு பக்கமும் காது மாதிரி பிரிஞ்சு மூணு மடலா இருக்கும். மார்க்கெட்ல அதையும் மஞ்சள் கரிசாலைன்னு கட்டி விக்கிறாங்க.

சாறுக்கு தண்ணி விடவே கூடாது. வேரை வெட்டிட்டு, மண் போக அலசி, நிழல்ல துணி மேல பரப்பி மேல் ஈரம் போனதும் உரல்ல இடிச்சுப் பிழியுங்க. கிலோ கீரைக்கு அரை லிட்டர் கூட வராது. மிக்சியில 2 டம்ளர் தண்ணி விட்டு 1 லிட்டர் சாறுன்னு கணக்குக் காட்டினா, அந்தத் தண்ணி வத்துறதுக்கே முக்கால் மணி நேரம் ஓடும். சலசலப்பு வேற நீண்டுக்கிட்டே போகும், பொறுமை இல்லாம இறக்கிடுவாங்க.

வள்ளலார் சொன்னது உள்ளுக்குச் சாப்பிடுறதைப் பத்தி. அதையும் தைலத்தையும் கலக்க வேணாம்.

நெல்லிக்குப்பம்_ராஜா | காலை 11:05

வள்ளலாரை இப்படி ஒரு வரியில ஒதுக்கிட்டீங்களே. கரிசாலையை ஊரெல்லாம் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவர் அவரு. கொஞ்சம் மரியாதையா எழுதுங்க.

கெடிலக்கரை | காலை 11:09

எந்த மரியாதையும் குறையல ராஜா. ரெண்டும் வேற வேற உபயோகம்னு சொன்னேன், அவ்வளவுதான்.

நெல்லிக்குப்பம்_ராஜா | காலை 11:30

சரி, கணக்கையாவது சரியாப் பேசுங்க. வைத்திய அளவுன்னா கற்கம் (அரைச்சுப் போடுற விழுது) 1, எண்ணெய் 4, திரவம் 16. அதாவது 1 லிட்டர் எண்ணெய்க்கு 4 லிட்டர் திரவம், கால் கிலோ கற்கம். பத்மாவோட குறிப்புல 1 லிட்டர் சாறுதான் இருக்கு. அதைக் கேக்காம சலசலப்பைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கீங்க.

கெடிலக்கரை | காலை 11:52

கால் பங்கு கற்கம், தண்ணி விட்டுக் காய்ச்சும்போது. பச்சைச் சாறே திரவமா இருந்தா கற்கம் எட்டில் ஒரு பங்கு, 1 லிட்டருக்கு 125 கிராம். பத்மா போட்டது 100 கிராம், அதுல தப்பில்ல. சாறு 1 லிட்டரா இருக்குறது வீட்டு அளவு, அதுலயும் எனக்குச் சண்டை இல்ல. சண்டை ஒண்ணே ஒண்ணுதான்: சலசலப்பு.

இன்னொண்ணு, அந்த 100 கிராம்ல பாதி வெந்தயம். வெந்தயம் ஊறினா கொழகொழன்னு தண்ணியை இழுத்து வெச்சுக்கும். அடியில போய் அடை மாதிரி ஒட்டும். மேல சத்தமே இருக்காது, கீழ ஈரம் பூட்டிக் கிடக்கும். இந்தக் குறிப்புக்கு சலசலப்பு அடையாளம் துளிகூடப் பொருந்தாது. வெந்தயத்தை 15 கிராமுக்குக் குறைச்சு, நைசா அரைக்காம கரகரன்னு போட்டா அடி பிடிக்காது.

பாகூர்_பத்மா | பகல் 12:20

வெந்தயத்துல குளிர்ச்சி இருக்குன்னு போட்டேன். குறைக்க மாட்டேன்.

சரி, உங்க கணக்குப்படி ஈரம் போகாத எண்ணெய் கெட்டுடும்னா, வெட்பாலைத் தைலத்தை அடுப்புலயே ஏத்துறதில்லையே? பச்சை இலையைக் கையால கிள்ளி தேங்காய் எண்ணெய்ல போட்டு வெயில்ல வெக்கிறாங்க. ஊதா நிறமா மாறுது. அது கெட்டா போச்சு? அதுக்கு எந்த நுரை கிளம்புச்சு?

முத்தியால்பேட்டை_முரளி | பகல் 12:24

இதுக்குப் பதில் சொல்லுங்க கடலூர் வைத்தியரே.

கெடிலக்கரை | பகல் 12:58

சொல்றேன். வெட்பாலையில சாறு பிழிஞ்சு ஊத்துறதில்ல. முழு இலையைக் கிள்ளித்தான் போடுறோம். வாயை மெல்லிசுத் துணியால கட்டி, நாள் முழுக்க நல்ல வெயில்ல வெச்சா ஈரம் துணி வழியா ஆவியாப் போகுது. மூடி போட்டு இறுக்கினவங்க எண்ணெய் கெட்டுத்தான் போகுது. மூடியோட உள்பக்கம் வேர்த்து அதே தண்ணி திரும்ப எண்ணெய்ல சொட்டும். வடிகட்டின பிறகு ஒரு ராத்திரி அசையாம வெச்சு, மேல் எண்ணெயை மட்டும் இறுத்து எடுக்கணும், அடியில நிக்கிற நீரை விட்டுடணும். சித்திரை வெயிலுக்கான முறை அது. கார்த்திகையில செஞ்சு பாருங்க, இலை அழுகி நாறும்.

உங்க குறிப்புல 1 லிட்டர் சாறு இருக்கு பத்மாக்கா. ஒரு பிடி இலையோட ஈரமும் 1 லிட்டர் சாறும் ஒண்ணா?

வடலூர்_செல்வி | பிற்பகல் 1:15

அப்போ பதம் பாக்குறது எப்படின்னு கடைசி வரைக்கும் ஒழுங்காச் சொல்லிடுங்க அண்ணே.

கெடிலக்கரை | பிற்பகல் 1:47

அகலமான, அடி கனமான பாத்திரம். பாதிக்கு மேல நிரப்பக் கூடாது, சாறு கொதிச்சா பொங்கும். ஆறின எண்ணெய்ல ஆறின சாறை ஊத்தி, அப்புறம் அடுப்பைப் பத்தவைங்க. காஞ்ச எண்ணெய்ல சாறு ஊத்தினா தெறிச்சு முகம் கையெல்லாம் வெந்துடும். மிதமான தீ. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் அடியைச் சுரண்டிக் கிளறணும்.

கற்கம் முதல்ல சேறு மாதிரி கரண்டியில ஒட்டும். அப்புறம் மெழுகு மாதிரி திரளும், விரல்ல உருட்டினா திரியா வரும். அந்தத் திரியை நெருப்புல காட்டுங்க. சடசடன்னு பொரிஞ்சா ஈரம் இருக்கு. சத்தமில்லாம எரிஞ்சா ஈரம் போயிடுச்சு. சத்தத்தைக் கேக்கணும்னா சட்டியில கேக்காதீங்க, திரியில கேளுங்க. வெளிப்பூச்சு எண்ணெய்க்கு மெழுகு பதம் தாண்டி, கற்கம் மணல் மாதிரி உதிரத் தொடங்குற நேரத்துல இறக்கலாம். அதையும் தாண்டினா கருகல் வாடை வந்துடும்.

இறக்கினதும் வேற பாத்திரத்துக்கு மாத்தி வடிகட்டுங்க. காஞ்ச சட்டியிலயே விட்டா பதம் தாண்டிப் போகும். துணியை முறுக்கிப் பிழியாதீங்க, வண்டல் எண்ணெய்ல இறங்கிடும். பச்சைக் கற்பூரம் போடுறதா இருந்தா வடிகட்டுற பாத்திரத்துல முன்னாடியே பொடிச்சு வெச்சு, அது மேல சூடா வடியவிடுங்க. முழுக்க ஆறின பிறகு மூடி.

சந்தேகம் இருந்தா ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ஃபிரிட்ஜ்ல வெச்சுப் பாருங்க. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறையும். தண்ணி நிறைய தங்கியிருந்தா உறைஞ்ச எண்ணெய்க்கு அடியில தனியாத் தெரியும். பத்மாக்கா எண்ணெயையும் வெச்சுப் பாக்கலாம்.

பாகூர்_பத்மா | பிற்பகல் 2:05

வைக்க வேண்டிய அவசியம் எனக்கில்ல. இவ்வளவு காய்ச்சினா நெல்லியில இருக்குற வைட்டமின் சி என்னாகும்? அதைச் சொல்லுங்க முதல்ல.

கெடிலக்கரை | பிற்பகல் 2:11

வைட்டமின் சி தண்ணியில கரையுறது. எண்ணெய்ல இறங்கவே இறங்காது. நீங்க சலசலப்புல இறக்கினாலும் சரி, நான் திரி பாத்து இறக்கினாலும் சரி, எண்ணெய்ல அது கிடையாது. இல்லாத சத்தைக் காப்பாத்தத்தான் ஈரத்தோட இறக்கச் சொல்றீங்களா?

நெல்லிக்குப்பம்_ராஜா | பிற்பகல் 2:30

பத்மா அக்கா போன மாசம் எலுமிச்சைச் சாறும் மஞ்சளும் முகத்துல பூசி வெயில்ல காய வெக்கச் சொன்னவங்கதானே? அப்பவே சொன்னேன். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்துல வெயில் பட்டா தோல் வெந்து கறுப்புத் திட்டு விழும், மாசக்கணக்குல போகாது. அதுக்கும் இதே மாதிரி "மாத்த மாட்டேன்"னு நின்னாங்க.

பாகூர்_பத்மா | பிற்பகல் 2:38

அந்தப் பதிவுல வெயில்னு நான் எழுதவே இல்ல. "காய விடுங்க"ன்னு எழுதினேன். வெயில்னு படிச்சது உங்க தப்பு. பழசைக் கிளறி எடுக்காதீங்க ராஜா. உங்க நலங்கு மாவுக் குறிப்புல கார்போகரிசி 100 கிராம் போட்டிருந்தீங்களே, அது வெயில் பட்டா தோலைக் கறுக்க வெக்காதா? நான் அதை எடுத்துப் போட்டேனா?

நெல்லிக்குப்பம்_ராஜா | பிற்பகல் 2:44

கார்போகரிசி 2 கிலோ மாவுக்கு 100 கிராம். முழுசாப் படிங்க. அதுவும் தேய்ச்சு உடனே கழுவுறது.

பாகூர்_பத்மா | பிற்பகல் 2:46

எலுமிச்சையும் கழுவுறதுதான்.

முத்தியால்பேட்டை_முரளி | பிற்பகல் 3:10

இரும்புச் சட்டி பத்தி நான் சொன்னதுக்கு இன்னும் யாரும் சரியான பதில் சொல்லல.

கெடிலக்கரை | பிற்பகல் 3:14

காலை 9:20க்கே சொல்லியாச்சு.

முத்தியால்பேட்டை_முரளி | பிற்பகல் 3:15

அது பதில் இல்ல.

பாகூர்_பத்மா | மாலை 4:02

கடைசியாச் சொல்றேன். என் குறிப்பை மாத்தி எழுதப் போறதில்ல. சின்னத் தீ, சலசலப்பு அடங்கினதும் இறக்கிடணும். பிடிச்சவங்க செய்யுங்க, பிடிக்காதவங்க திரி உருட்டிக்கிட்டு இருங்க.

கெடிலக்கரை | மாலை 4:05

அடியைக் கிளறினீங்களா அக்கா? கிளறின பிறகும் அடங்கியே இருந்துச்சா? அதை மட்டும் சொல்லிடுங்க.

பாகூர்_பத்மா | மாலை 4:06

சலசலப்பு அடங்கினதும் இறக்கிடணும்.

கெடிலக்கரை | மாலை 4:06

கிளறினீங்களா?