நடைபாதைக் குடும்பங்களுக்கு வாரிய வீடு: எந்த அலுவலகத்தில் தொடங்குவது?

கேள்வி: வடசென்னைத் தன்னார்வலர்

வணக்கம். பிராட்வே பக்கம் ஒரு தெருவின் நடைபாதையில் 17 குடும்பங்கள் வாழ்கின்றன. சிலருக்கு அது மூன்றாம் தலைமுறை. ஆண்கள் மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், மூட்டை தூக்குகிறார்கள். பெண்கள் பூக் கட்டுகிறார்கள், கடைகளில் பெருக்கித் துடைக்கிறார்கள். அந்தத் தெருவில் வடிகால் வேலை தொடங்கப் போவதாகவும், இடத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்றும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லை.

இவர்களுக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் (பழைய குடிசை மாற்று வாரியம்) வீடு கேட்டு நாங்கள் நான்கைந்து பேர் அலைகிறோம். ஓர் அலுவலகத்தில், "பட்டியலில் பெயர் இருந்தால் பார்க்கலாம்" என்கிறார்கள். பட்டியல் எடுக்க வேண்டிய இடத்தில், "இது குடிசைப் பகுதியே இல்லை, நடைபாதைதானே" என்கிறார்கள். சான்று தர வேண்டியவர்கள் கதவு எண் கேட்கிறார்கள். காப்பகத்துக்குப் போகலாம் என்றால் ஆண்களுக்கு ஓரிடம், பெண்களுக்கு வேறோரிடம். பிள்ளைகளோடு இருக்கும் எந்தக் குடும்பமும் அதற்கு உடன்படவில்லை, உடன்பட வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன்.

ஏழு குடும்பங்களில் ஆதார் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்களின் ஆதாரில் இருக்கும் கைபேசி எண்கள் பலவும் இப்போது உயிரோடு இல்லை. ஓடிபி யாருக்கோ போகிறது. எதை முதலில் செய்வது?

பதில் 1: ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்

தம்பி, வீட்டுக்கான மனுவைச் சில நாள் தள்ளி வையுங்கள். இந்த மக்கள் அந்த இடத்தில்தான் இரவில் தூங்குகிறார்கள் என்று அரசு ஊழியர் ஒருவர் எழுதி வைத்த தாள் முதலில் வேண்டும். அது இல்லாத வரை எல்லா மேசையிலும் இதே பதில்தான் வரும்.

அதற்கு நேரான வழி வாக்காளர் பட்டியல். வீடற்றவர்கள் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுத்தால், அவர்கள் சொன்ன இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் போய், உண்மையில் அங்கே தூங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். உறுதியானால் முகவரிச் சான்று தேவையில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. கதவு எண் கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆதாருக்கும் வழி உண்டு. கவுன்சிலர், சட்டமன்ற உறுப்பினர், வட்டாட்சியர், அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் ஆகியோரில் ஒருவர், ஆதார் ஆணையம் வகுத்துள்ள சான்றுப் படிவத்தில் புகைப்படம் ஒட்டிக் கையெழுத்திட்டுத் தரலாம். அது மூன்று மாதம்தான் செல்லும் என்பதால், ஆதார் மையத்தில் நேரம் குறித்துக்கொண்டு வாங்குங்கள். கைபேசி எண்ணை மாற்ற ஆவணமே வேண்டாம், கைரேகை போதும். ஆனால் மூட்டை தூக்கியே தேய்ந்த விரல்களில் ரேகை பிடிக்காமல் போவதுண்டு. அப்போது கருவிழிப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் செய்ய மாட்டார்கள்.

பதில் 2: சட்ட உதவி மையத் தொண்டர்

மேலே ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். கணக்கெடுப்புப் பட்டியல் ஏன் உயிர்நாடி என்பதற்கு 1985-ஆம் ஆண்டின் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பே சாட்சி. பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கு அது. வாழ்வாதாரமும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதில்தான். ஆனால் மாற்றிடம் யாருக்கு என்று வந்தபோது, 1976-இல் கணக்கெடுக்கப்பட்டவர்களைத்தான் நீதிமன்றம் குறிப்பிட்டது. அதே நடைபாதையில் கிடந்தும் கணக்கில் வராதவர்களுக்கு அந்த வாசகம் உதவவில்லை.

ஆகவே, ஒரே மனுவை மாநகராட்சி மண்டல அலுவலகம், வட்டாட்சியர், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் மூன்றுக்கும் ஒரே நாளில் கொடுத்து, கூட்டுக் கணக்கெடுப்பு கேளுங்கள். கணக்கெடுப்பு இரவில் நடக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். பகலில் வந்தால் பாதிப் பேர் வேலையில் இருப்பார்கள், "ஆளில்லை" என்று குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்தத் தாளையும் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் ஒரு பிரதி கொடுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டிய தகவல் உரிமை மனுவையும் சேர்த்துப் போடுங்கள்: எந்த வேலை, எந்த ஆணை, அகற்றப்படுவோருக்கு என்ன ஏற்பாடு?

காலி செய்யச் சொல்லி மறுபடி வந்தால், எழுத்தில் கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எல்லோருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது, உங்கள் தெருவிலிருந்து நடந்தே போகலாம்.

பதில் 3: பெரும்பாக்கத்தில் குடியிருப்பவர்

நான் நடைபாதையிலிருந்து இங்கே, பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்புக்கு வந்தவள். கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்குவதும், என் மகள் வீட்டுக்குள்ளேயே குளிப்பதும் எனக்குப் பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பிராட்வேயிலிருந்து இது 25 கிலோமீட்டருக்கு மேல். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் விடியற்காலைப் பூவுக்கு அங்கே இருக்க வேண்டியவள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள்? எங்களோடு வந்தவர்களில் சிலர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய நடைபாதைக்கே போய்ப் படுக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்கள் 17 குடும்பங்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள், வடசென்னைக்குள் காலியாக இருக்கும் வாரிய வீடுகளை மனுவில் பெயர் சொல்லிக் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே கட்டடத்தில் வேண்டும் என்றும் கேளுங்கள். வீடு ஒதுக்கும் குலுக்கலில் சிதறிப்போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக்கூட ஆள் இருக்காது.

பயனாளி பங்குத்தொகை, அதாவது வீட்டுக்கு நாம் கட்ட வேண்டிய பணம் எவ்வளவு, எத்தனை தவணை என்பதை முன்னதாகவே எழுத்தில் வாங்குங்கள். திட்டத்துக்குத் திட்டம் மாறும். தெரியாமல் வந்தவர்கள் கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அக்கா சொன்ன தூரக் கணக்கைக் குடும்பங்களிடம் அப்படியே படித்துக் காட்டினேன். பெருமூச்சு விட்டார்கள். வடசென்னைக்குள் கேட்பது என்று முடிவாகிவிட்டது.

ஒரு சிக்கல். நான்கு இளம் தம்பதிகளின் பெயர் இன்னும் பெற்றோரின் ரேஷன் கார்டிலேயே இருக்கிறது. கணக்கெடுப்பில் அவர்களைத் தனிக் குடும்பமாக எடுப்பார்களா?

பதில் 4: ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்

பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். ஒரு கார்டு, ஒரு குடும்பம் என்றே எழுதுவார்கள், பிறகு ஒரே அறையில் மூன்று தம்பதிகள் இருக்க வேண்டி வரும். கணக்கெடுப்புக்கு முன்பே திருமணத்தைப் பதிவு செய்து, பெற்றோர் கார்டிலிருந்து பெயர் நீக்கி, இ-சேவை மையத்தில் புதுக் கார்டுக்கு விண்ணப்பியுங்கள். விசாரணைக்கு வருபவர் தனிச் சமையலா என்று பார்ப்பார். நடைபாதையில் இரண்டு அடுப்பு தனித்தனியாக எரிந்தால் அதுவே தனிச் சமையல்தான், தயங்காமல் காட்டச் சொல்லுங்கள். கார்டு வருவதற்குள் கணக்கெடுப்பு வந்துவிட்டால், விண்ணப்ப எண்ணையும் திருமணப் பதிவையும் காட்டி, குறிப்புப் பகுதியிலாவது தனிக் குடும்பம் என்று எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள். பக்கத்தில் நின்று எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே அவர்களை அனுப்புங்கள்.

கேட்டவர்

படிவம் 6-ஐ இந்த வாரமே நிரப்பத் தொடங்குகிறோம். கூட்டு மனுவின் வரைவை இங்கேயே இடுகிறேன், சட்ட உதவித் தோழர் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.