கடவுளின் நியாயமும் நம் நியாயமும் ஒன்றுதானா?

அலைவாய்:
2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. குளச்சல் பக்கம் கொட்டில்பாட்டில் சித்தி வீட்டுக்குள் கடல் ஏறியது. கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிட்ட பிளாஸ்டிக் நட்சத்திரத்துக்குள் ஈர மணல் அடைந்து கிடந்ததை நானே பார்த்தேன். சித்தியின் கடைக்குட்டி போய்விட்டாள். துக்கம் கேட்க வந்த ஒருவர், "எல்லாம் நம்ம பாவத்துக்குத்தான்" என்றார். "மூணு வயசுப் பிள்ளை என்ன பாவம் செஞ்சுது?" என்று சித்தி கேட்டாள். சுமத்ரா பக்கம் கடலடித் தரை நழுவி வந்த அலை அது. இதையும் கடவுளின் நன்மைக் கணக்கில் எழுதினால், நன்மை என்ற சொல்லுக்கு அப்புறம் என்ன அர்த்தம்?

தோவாளைக்காரன்:
அந்த ஆள் பேசியது தப்பு அண்ணே. ஆனால் நம் அறிவுக்கு எட்டாததாலேயே நியாயம் இல்லை என்று ஆகாது. என் மகனுக்கு இரண்டு வயதில் முழங்கை நழுவியது. வர்ம ஆசான் கையை இழுக்க, நான்தான் அவனை மடியில் அழுத்திப் பிடித்தேன். "நீயுமா அப்பா" என்பது போல என்னைப் பார்த்தான். அவனுக்கு அப்போது நான் எதிரிதான்.

அலைவாய்:
சரி. கை நேரானது, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள், சாயங்காலமே அவனுக்குப் புரிந்திருக்கும். சித்திக்கு இருபது வருஷத்துக்கு மேலாகியும் புரியவில்லை.

வேளிமலை:
'தெய்வத்தின் நியாயம் நமக்கு எட்டாது' என்ற பேச்சே எனக்குப் பயம். இதே குமரி மண்ணில் தெய்வ நியமம் என்று சொல்லித்தான் எங்கள் தாத்தாக்களைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மகாராஜா கையெழுத்துப் போட்டதும் கதவு திறந்தது. ஒரே ராத்திரியில் தெய்வமா மனசு மாறியது?

தோவாளைக்காரன்:
அதற்கும் நூறு வருஷம் முன்பே சாமித்தோப்பில் அய்யாவழி கண்ட வைகுண்டர், ஒதுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரச் சொன்னாரே! இன்றும் அவர் வழியில் கும்பிடுகிற நிழல்தாங்கலில் கண்ணாடி முன்னால்தானே நிற்கிறோம்? தெய்வத்தை ஒதுக்கிவைத்துவிட்டா அவர் ராஜாவை எதிர்த்தார்? அந்த நியமத்தைக் கலி, அதாவது தீமை என்றார். ராஜாவுக்கு மேலே ஒருவன் இருக்கிறான் என்ற தைரியம் இல்லாமல் அப்படிச் சொல்ல முடியுமா?

வேளிமலை:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கலி என்று கண்டுபிடிக்க அவருக்கு உதவியது எது? தோளில் துணி போடக்கூடாது என்று தடுக்கப்பட்ட பெண்களின் அவமானம். அது மனிதக் கண்ணுக்குத் தெரிந்த தீமை.

அலைவாய்:
நம் குமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கிற வள்ளுவர் 1062ஆம் குறளில் என்ன சொல்கிறார்? பிச்சை எடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டுமென்றால், உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்கிறார். படைத்தவனையே நம் நியாயத்தில் நிறுத்திக் கேட்கிறார்.

தோவாளைக்காரன்:
கேட்க ஒருவன் இருக்கிறான் என்று நம்பினால்தானே அண்ணே சபிக்க முடியும்? சித்தி இப்போதும் கோயிலுக்குப் போகிறார்களா?

அலைவாய்:
போகிறாள். ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் தேதியும் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அந்தக் கேள்வியைத்தான் கேட்டுவிட்டு வருகிறாள்.