கத்தரிக்கோலுக்குப் போகிற பட்டு

குழு: பாட்டி வீடு

சித்தி: எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவின் பரதநாட்டிய அரங்கேற்ற உடைக்குப் பட்டுப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வந்திருக்கிறோம். படத்தில் இருப்பது கருநீல உடல், அது முழுக்கச் சரிகைக் கொடி, ஒரு பக்கம் மட்டும் ஒரு சாண் அகலக் கரை. விரித்துக் காட்டியதும் மனம் அதிலேயே நின்றுவிட்டது. அக்கா, பில் போடச் சொல்லலாமா?

பெரியம்மா: கொஞ்சம் பொறு. கல்யாணத்துக்குக் கட்டுவதாக இருந்தால் நானே எடுக்கச் சொல்லியிருப்பேன். இதுவோ கத்தரிக்கோலுக்குப் போகிற புடவை. கால்சட்டையின் ஓரம், முன் விசிறி, மேலாக்கு, ரவிக்கையின் கை என்று எல்லாவற்றுக்கும் தையல்காரர் கரையைத்தான் தேடுவார்; அது ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பாதியிலேயே கை விரித்துவிடுவார். இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில், நான்கு முதல் ஆறு அங்குலத்துக்குள் கரை ஓடும் புடவையாகப் பார்.

சித்தப்பா: அண்ணி, கரை இன்னும் அகலமாக இருந்தால் மேடையில் எடுப்பாக இருக்காதா?

பெரியம்மா: வளர்ந்த பெண்ணுக்கு இருக்கும். பாப்பா இன்னும் ஐந்தடியைத் தொடவில்லை. அவள் விசிறியில் அவ்வளவு பெரிய கரையை வைத்தால் உடலின் நிறம் இருக்கும் இடமே தெரியாது. முழங்காலைப் பக்கவாட்டில் மடித்து அரைமண்டியில் உட்காரும்போது அந்த விசிறி விரிகிறதே, மடிப்புக்குள் ஒளிந்திருந்த நிறமும் கரையும் மாறி மாறி வெளியே வருகிறதே, அதற்காகத்தான் இத்தனை செலவும். கரையும் உடலும் ஒன்றுக்கொன்று எதிரான நிறமாக இருந்தால்தான் அது கடைசி வரிசைக்கும் தெரியும்.

சித்தி: உடல் முழுக்கச் சரிகை இருப்பதில் என்ன குறை?

பெரியம்மா: சரிகை நிறைந்த துணி தகடு மாதிரி விறைத்து நிற்கும், எடையும் கூடும், விசிறிக்காக இஸ்திரி போட்டு அழுத்திய மடிப்பிலேயே நாளடைவில் சரிகை முறியும். பின்பக்கம் நீளமாக ஓடும் சரிகை நூல்கள் சலங்கையிலும் மோதிரத்திலும் மாட்டி இழுபடும். அதற்காக இப்போது விற்கிற வழவழப்பான மெல்லிய பட்டுக்கும் போய்விடாதே, அதில் மடிப்பு நிற்காது. முறுக்கிய பாவில், அதாவது நீளவாக்கு நூலில், நெய்த கனமான பட்டு, வெறும் உடல் அல்லது எட்ட எட்டப் புட்டா என்கிற சின்னப் பூ வேலை, கரையிலும் தலைப்பிலும் மட்டும் சரிகை. இதுதான் கேட்க வேண்டியது.

சித்தப்பா: வெறும் உடல் என்றால் வெறிச்சென்று இருக்குமே என்றுதான் யோசிக்கிறேன்.

பெரியம்மா: சென்னையில் நடனம் கற்பிக்கும் கலாக்ஷேத்திராவின் புடவையைப் பார்த்திருக்கிறீர்களா? 1936-இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ருக்மிணி தேவி, நெசவுக்கும் அங்கேயே இடம் கொடுத்துப் பழைய கரை வகைகளை மீண்டும் நெய்ய வைத்தார். அந்தப் புடவைகளில் அழகைச் சுமப்பது கரைதான், உடல் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும்.

அத்தை: அண்ணி, நம் வீட்டுப் பெட்டியில் பாட்டியின் அரக்குக் கூறைப்புடவை சும்மாதானே கிடக்கிறது? அதையே வெட்டித் தைத்தால் பாட்டியின் ஆசீர்வாதமாகவும் இருக்குமே.

பெரியம்மா: எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் போன பொங்கலுக்கு அதை வெயில்படாமல் உலர்த்தியபோது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாக இற்றுப்போயிருக்கிறது. அரங்கேற்றத்தின் நீண்ட உருப்படியான வர்ணம் அரை மணி நேரத்துக்கு மேல் போகும், நடுவில் முழுமண்டியில் உட்கார்ந்தால் தையல் ஓரத்தில் பிரிந்துவிடும். அதன் கரையிலிருந்து ஒரு துண்டை ரவிக்கையின் கையில் வைக்கலாம், அது போதும்.

பாப்பா: பெரியம்மா, எனக்குக் கருநீலம்தான் பிடித்திருக்கிறது.

பெரியம்மா: மஞ்சள் விளக்கின் கீழே கருநீலம் கறுப்பாகத் தெரியும், கண்ணு. நீலம்தான் வேண்டுமென்றால் மயில்கழுத்தைக் கேள். அதில் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறம் என்பதால் நீ அசையும்போதெல்லாம் நீலமும் பச்சையும் மாறி மாறி வரும். கரை அரக்காக இருக்கட்டும்.

சித்தி: இந்தப் புடவையில் பட்டு முத்திரை இருக்கிறது. கைத்தறி என்று நம்பலாமா?

பெரியம்மா: 2004-இல் வந்த அந்த முத்திரை பட்டுக்கு மட்டும்தான் பொறுப்பேற்கும், எந்தத் தறியில் நெய்தது என்று சொல்லாது. கைத்தறிக்கு 2006-இல் வந்த முத்திரை தனி. கரையும் உடலும் சேரும் கோட்டைப் பின்பக்கம் விரலால் தடவிப் பார். கையால் கரையை இணைக்கும் கோர்வையாக இருந்தால் இரண்டு நிற ஊடையும் ஒன்றையொன்று கோத்துத் திரும்பிய இடம் சின்ன மேடாகக் கையில் தட்டும். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்றை ஓட்டி, நெய்பவரோடு இன்னொருவரும் தறியில் உட்கார்ந்து செய்கிற வேலை அது. ஓர நூலைக் கேட்டு வாங்கிக் கொளுத்தும்போது பாவையும் ஊடையையும் தனித்தனியாகக் கொளுத்து, ஏனென்றால் ஒன்று மட்டும் பட்டாக இருப்பதும் உண்டு. முடி கருகும் வாடையோடு பொடியாக உதிர வேண்டும், உருகி மணியாகத் திரண்டால் பட்டு இல்லை.

அத்தை: சாயத்தையும் சொல்லுங்கள் அண்ணி, நம் பெரியவளுக்கு நடந்தது நினைவிருக்கிறதல்லவா?

பெரியம்மா: மறக்க முடியுமா! சந்தன நிற உடல், சிவப்புக் கரை; வர்ணம் முடிந்து உள்ளே வந்தபோது இடுப்பைச் சுற்றி வியர்வையில் சாயம் இறங்கி ரோஜா நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. விற்றவர் எங்கள் வியர்வையைக் குறை சொன்னார். அதனால் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையைத் தலைப்பின் உள்மூலையில் கரைமேல் அழுத்தித் தேய்த்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதே.

சித்தி: மயில்கழுத்து உடல், இரண்டு பக்கமும் ஐந்து அங்குல அரக்குக் கரை, அதில் தாழம்பூ ரேக்கு என்கிற கரை வேலைப்பாடு. பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் அனுப்பியிருக்கிறேன். கைக்குட்டையில் நிறம் ஒட்டவில்லை. நூலைக் கொளுத்திக் காட்டச் சொன்னதும் கடைக்காரரே சிரித்துக்கொண்டு தீப்பெட்டி எடுத்தார். இரண்டு நூலும் பொடியாகத்தான் உதிர்ந்தன.

பெரியம்மா: கோர்வை தெளிவாகத் தெரிகிறது, எடுத்துவிடு. நீளம் ரவிக்கைத் துணியோடு சேர்த்து ஆறே கால் மீட்டர் வருகிறதா என்று உன் எதிரிலேயே அளக்கச் சொல். தலைப்பில் குஞ்சம் கட்டவும் வேண்டாம், ரவிக்கைத் துணியைத் தனியாக வெட்டவும் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடு; பழக்கத்தில் வெட்டிவிடப்போகிறார்கள்.

சித்தி: நல்ல வேளை, கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டார். நிறுத்திவிட்டேன்.